கிறிஸ்துமஸ் புட்டிங்: வெளியே கருத்து வெந்தது, நடுவில் களியாக நின்றது – பிழை எங்கே?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறான நவம்பர் 23 அன்று, இங்கிலாந்தில் ஸ்டிர்-அப் ஞாயிறு என்று சொல்லும் வழக்கப்படி, வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு முறை கிளறிவிட்டு நான் வேகவைத்து எடுத்துவைத்த கிறிஸ்துமஸ் புட்டிங் (உலர்பழங்கள் நிறைந்த கனமான இனிப்பு), ஒரு மாதம் அலமாரியில் இருந்து, கிறிஸ்துமஸ் மதிய உணவின் முடிவில் மேசைக்கு வந்தது. கிண்ணத்தைத் தட்டில் கவிழ்த்து எடுத்த அரை நிமிடத்துக்குள் அதன் உச்சி உள்ளே அமிழ்ந்தது. பிறகு ஒரு பக்கம் அப்படியே சரிந்து விழுந்தது. விருந்தினர் முன்னிலையில் நடந்தது என்பதைவிட, ஆறு வயது மகள் தானும் கிளறிய புட்டிங் என்று காத்திருந்து பார்த்ததுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வெட்டிப் பார்த்தபோது தெரிந்தவற்றை அப்படியே எழுதுகிறேன். வெளிப்புறத்தில் இரண்டு விரல் கனத்துக்கு நல்ல கரும்பழுப்பு நிறமும் சரியான பதமும் இருந்தன. அதற்கு உள்ளே நிறம் வெளிறி, ஈரமாக, களி போலக் கரண்டியில் ஒட்டியது. வாயில் வைத்தால் பச்சை மாவின் சுவை. தட்டின் மேல் படிந்த அடிப்பகுதியில், அதாவது கிண்ணத்தின் வாய்ப்புறத்தில், ஒரு வளையம் போல நீர் ஊறிச் சொதசொதவென்று இருந்தது. இவை போதாதென்று தட்டில் கொழுப்பு கசிந்து பளபளத்தது.

செய்த முறை இது. 600 மில்லிலிட்டர் கிண்ணத்துக்கு எழுதப்பட்ட குறிப்பை மும்மடங்காக்கினேன்: உலர்திராட்சை, அதன் வகைகளான சுல்தானா, கரண்ட், பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்த்து 675 கிராம், தாவர சூயெட் (துணுக்குகளாக வரும் திடக்கொழுப்பு) 150 கிராம், ரொட்டித் துருவல் 150 கிராம், செல்ஃப் ரெய்சிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்த மாவு) 75 கிராம், அடர்பழுப்புச் சர்க்கரை 300 கிராம், முட்டை 3, ஸ்டவுட் (கரும்பழுப்பு பீர்) 200 மில்லிலிட்டர், கொஞ்சம் பிராந்தி. ஒரு 1.2 லிட்டர் கிண்ணத்தை வாய் வரை நிரப்பி, மீதியை 600 மில்லிலிட்டர் கிண்ணத்தில் இரண்டு விரல் இடம் விட்டு ஊற்றினேன். குறிப்பில் 5 மணி நேரம் ஆவியில் வேகவேண்டும் என்றிருந்ததால், இரண்டையும் தனித்தனிப் பாத்திரத்தில் 5 மணி நேரம் வைத்தேன். கிறிஸ்துமஸ் அன்று பெரியதை மறுபடி 2 மணி நேரம் சூடாக்கி, அடுப்பிலிருந்து இறக்கியவுடன் கவிழ்த்தேன்.

சிறிய புட்டிங் இன்னும் பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது. புத்தாண்டு அன்று அதைப் பரிமாற நினைத்திருந்தேன். பெரியதற்கு நேர்ந்தது இதற்கும் நேருமா? நேராமல் இப்போது ஏதேனும் செய்ய முடியுமா? பெரியதில் மிஞ்சியதை (குளிர்பெட்டியில் இருக்கிறது) மீண்டும் வேகவைத்துக் காப்பாற்றலாமா?

முதல் பதில்

வணக்கம் சகோதரி. உங்கள் வருத்தம் புரிகிறது. ஒரு மாதக் காத்திருப்பு அரை நிமிடத்தில் சரிவதைப் பார்ப்பது எளிதன்று.

நீர் ஊறிய வளையத்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். கிண்ணத்தை வாய் வரை நிரப்பியது பிழை. செல்ஃப் ரெய்சிங் மாவும் ரொட்டித் துருவலும் வேகும்போது கலவை மேலே எழும். அது எழ இடமில்லாவிட்டால் மூடியிருக்கும் தாளைத் தள்ளி, நூற்கட்டைத் தளர்த்திவிடும். அதனால்தான் கிண்ணத்தில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இடம் விடுவதோடு, பேக்கிங் தாளையும் அதன் மேல் வரும் அலுமினியத் தாளையும் நடுவில் ஒரு மடிப்பு வைத்து, கலவை எழும்போது அந்த மடிப்பு விரிந்துகொடுக்கும்படி கட்டுகிறார்கள். நீங்கள் மடிப்பு வைத்தீர்களா என்று எழுதவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். நூலுக்குக் கீழே தொங்கும் தாளை இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு விட்டு வெட்டிவிடவேண்டும். நீளமாகத் தொங்கவிட்டால் பேக்கிங் தாளின் நுனி கொதிநீரைத் தொட்டு, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் நீரை மேலே இழுக்கும். ஐந்து மணி நேரத்தில் அது கணிசமான அளவாகும். வெட்டிய பின் அலுமினியத் தாளின் ஓரத்தைப் பேக்கிங் தாளின் மேல் உள்நோக்கி மடித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பாத்திரத்தில் நீர் கிண்ணத்தின் பாதி உயரத்துக்கு மேல் போகாமலும் இருக்கவேண்டும்; அதற்கு மேல் போனால் கொதிக்கும்போது தெறிக்கும் நீர் கட்டு வரை எட்டும்.

என் கணிப்பில் இவ்வாறு புகுந்த நீர்தான் நடுப்பகுதியையும் களியாக்கியிருக்கிறது. சிறிய கிண்ணத்தில் இடம் விட்டிருப்பதால் அது தப்பியிருக்கும் என்று நம்புகிறேன்.

இரண்டாம் பதில்

முதலில் பதிலளித்தவர் வாய்ப்புறத்து வளையம் பற்றிச் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். நடுப்பகுதி பற்றிய முடிவை மட்டும் ஏற்க இயலவில்லை. நீர் வாய்ப்புறத்திலிருந்து நுழைந்தால் அங்கிருந்து கீழ்நோக்கியும் ஓரங்களிலும் பரவும்; இரண்டு விரல் கனமுள்ள நன்கு வெந்த பகுதியைத் தொடாமல் தாண்டிச் சென்று நடுவில் மட்டும் தேங்காது. வெளிச்சுற்று முழுவதும் வெந்து, உட்புறம் மட்டும் வெளிறியும் மாவுச் சுவையோடும் இருக்கிறது என்றால், அங்கே வெப்பம் போதிய நேரம் நிற்கவில்லை என்பதே பொருள்.

நிறத்தைக் கவனியுங்கள். கிறிஸ்துமஸ் புட்டிங்கின் கருமை முழுவதும் அடர்பழுப்புச் சர்க்கரையாலும் ஸ்டவுட்டாலும் வருவதன்று. சர்க்கரையும் மாவிலும் முட்டையிலும் உள்ள புரதமும் வெப்பத்தில் வினைபுரிந்து நிறமும் மணமும் உண்டாகின்றன. ரொட்டியின் மேல்தோல் அடுப்பில் சில நிமிடங்களில் பழுப்பாவது இதே வினையால்தான். ஆனால் ஆவியில் வேகும் பண்டத்தின் வெப்பம் 100 டிகிரி செல்சியசைத் தாண்டாது என்பதால் அந்த வினை மிக மெதுவாக நடக்கிறது. மணிக்கணக்கில் வேகவைக்கச் சொல்வதற்கு அதுவே முதன்மையான காரணம். ஆகவே வெட்டிய முகத்தில் கருமை எங்கே முடிகிறதோ அதுவரைதான் போதிய நேரம் வெந்திருக்கிறது.

இனி உங்கள் 5 மணி நேரம். அது 600 மில்லிலிட்டர் கிண்ணத்துக்கு எழுதப்பட்ட நேரம். பொருள்களை மும்மடங்காக்கிய நீங்கள் நேரத்தைத் தொடவில்லை. புட்டிங்கின் உள்ளே வெப்பம் கலவையின் வழியே மெல்ல மெல்லக் கடத்தப்பட்டுத்தான் நடுவை அடையும். கொதிக்கும் குழம்பைப் போல உள்ளே சுழற்சி கிடையாது. கன அளவு இரு மடங்கானால் கிண்ணத்தின் குறுக்களவு ஏறத்தாழ கால் பங்கு கூடுகிறது. வெப்பம் நடுவை அடைய எடுக்கும் நேரமோ குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவதால், அது சுமார் 1.6 மடங்காகிறது. உங்கள் 5 மணி நேரத்தை 1.6 ஆல் பெருக்கினால் 8 வரும். 1.2 லிட்டர் கிண்ணத்துக்கு 8 மணி நேரம் என்று பழைய கைகள் சொல்லிவருவதும் அதுதான்.

இருந்தாலும், முதலில் 5, பிறகு கிறிஸ்துமஸ் அன்று 2 என மொத்தம் 7 மணி நேரம் வெந்த பிறகும் பச்சை மாவுச் சுவை நின்றது என்பது எனக்கு இடிக்கிறது. நேரக் குறைவு மட்டுமே காரணமாக இருந்தால் நடுப்பகுதி வெளிறியிருக்கலாம்; களியாக இருந்திருக்காது. எனவே மூன்று கேள்விகள். வற்றிய நீரை ஈடுசெய்ய ஊற்றியது கொதிநீரா, குளிர்ந்த நீரா? அடுப்பைத் தணித்து வைத்திருந்தீர்களா? சூயெட்டைச் சேர்த்தபோது கலவை சூடாக இருந்ததா? மூன்றாவதைக் கேட்பது தட்டில் கசிந்த கொழுப்புக்காக.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மடிப்பு வைக்கவில்லை, தாளின் ஓரங்களையும் வெட்டவில்லை. குறிப்பில் இருந்த படத்தில் அந்த இடம் தெரியாததால், இறுக்கமாகக் கட்டுவதே நல்லது என்று எண்ணிக்கொண்டேன்.

நீரைப் பொறுத்தவரை, பெரிய பாத்திரத்தில் மூன்று முறை குழாய் நீரையே ஊற்றினேன். அவற்றுள் ஒரு முறை பாத்திரம் கிட்டத்தட்ட வற்றியிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று தெரியாது. மூடி ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருந்ததால் அடுப்பை மிகவும் தணித்தேன். கிறிஸ்துமஸ் அன்றும் அடுப்பில் வேறு பாத்திரங்களுக்கு இடம் வேண்டியிருந்ததால் புட்டிங் பின்வரிசையில் மிகச் சிறிய தீயில்தான் இருந்தது. சிறிய பாத்திரத்தில் மட்டும் கெட்டிலில் கொதித்த நீரை ஊற்றினேன். அது தனியாக வேறொரு நாளில், நான் அருகிலேயே இருந்தபோது வெந்தது.

சூயெட் பற்றிய கேள்விதான் என்னைத் திடுக்கிட வைத்தது. உலர்பழங்களை முந்தைய இரவே ஊறவைக்க மறந்துவிட்டதால், ஸ்டவுட்டோடு சேர்த்து அடுப்பில் வைத்துச் சூடாக்கி ஊறவைத்தேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் சூயெட்டைக் கொட்டிக் கிளறினேன். அது கரைந்து மறைந்ததைப் பார்த்து, நன்றாகக் கலந்துவிட்டது என்று நினைத்தேன். மேலும், வேகவைத்து முடித்தபோது நீளமான கம்பியைக் குத்திப் பார்த்தேன். அது சுத்தமாகவே வெளிவந்தது. அதை நம்பித்தான் இறக்கினேன்.

இரண்டாம் பதிலளித்தவர்

நீங்கள் மறைக்காமல் எழுதியதால் இனி ஊகிக்க வேண்டியதில்லை.

குளிர்ந்த நீரை ஊற்றும் ஒவ்வொரு முறையும் கொதி அடங்குகிறது. பெரிய பாத்திரத்தில் தணிந்த தீயில் அது மீண்டும் கொதிக்கக் கால் மணி, இருபது நிமிடம் ஆகிவிடும். அந்த நேரத்தில் கிண்ணத்தின் வெளிப்புறமே குளிர்கிறது. அடுப்பும் தணிந்திருந்ததால் மற்ற நேரத்திலும் பாத்திரத்தில் ஆவி நிறைந்து நிற்கவில்லை. ஆகவே கடிகாரம் 5 மணி நேரம் காட்டியிருந்தாலும் புட்டிங் உண்மையில் வெந்தது அதைவிடக் குறைவு. சர்க்கரை மிகுந்த கலவையில் முட்டையும் மாவும் இறுகுவதற்கு வழக்கத்தைவிட அதிக வெப்பம் வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நடுப்பகுதி இறுகாமலே போனதற்குக் காரணம் விளங்கிவிடும். இறுகாத நடுவின் மேல் நின்ற உச்சி அமிழ்ந்தது. தாங்க ஒன்றும் இல்லாத சுவர் சரிந்தது. இறக்கிய பிறகு பத்து நிமிடம் கிண்ணத்திலேயே ஆறவிட்டுக் கவிழ்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் உங்கள் புட்டிங்கை அது காப்பாற்றியிருக்காது.

கம்பிச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. பானை முழுவதும் ஒரே கொதியில் இருக்கிறது. புட்டிங்கில் ஓரத்தின் பதம் நடுவைப் பற்றி எதுவும் சொல்லாது. சாய்வாகக் குத்திய கம்பி வெந்த பகுதியிலேயே நின்றிருக்கலாம். உள்ளே சென்றிருந்தாலும் வெளியே வரும்போது வெந்த பகுதி அதைத் துடைத்துவிட்டிருக்கலாம். சமையல் வெப்பமானி இருந்தால் கட்டைப் பிரித்து நேர் நடுவில் இறக்குங்கள். 95 டிகிரிக்கு மேல் காட்டவேண்டும். அது காட்டிய பிறகும், நிறத்துக்காகவும் சுவைக்காகவும் குறித்த நேரம் முடியும் வரை வேகவிடவேண்டும்.

சூயெட்டின் வேலை சிறு சிறு திடத் துணுக்குகளாகக் கலவைக்குள் இருப்பது. மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பான அசல் சூயெட் வெண்ணெயைவிட அதிக வெப்பத்தில், ஏறத்தாழ 45 முதல் 50 டிகிரியில்தான் உருகும். தாவர சூயெட்டும் அந்தக் குணத்துக்காகவே திடமான தாவரக் கொழுப்பைக் கொண்டு செய்யப்படுகிறது. வேகும் கலவை இறுகத் தொடங்கும் வரை துணுக்குகள் உருவம் கெடாமல் நின்று, பிறகு உருகும்போது தாம் இருந்த இடத்தில் நுண்ணிய துளைகளை விட்டுச் செல்கின்றன. புட்டிங் கனமாக இருந்தும் மென்மையாக இருப்பது அந்தத் துளைகளால்தான். கிளறும்போதே உருகிவிட்டால் துளையும் இல்லை, கொழுப்பைப் பிடித்துவைக்க ஏதும் இல்லை. அது ஓரத்துக்கு வந்து கசியும்.

இதிலிருந்து உங்கள் சிறிய புட்டிங்கைப் பற்றியும் சொல்லிவிடலாம். இரண்டும் ஒரே கலவை. வெந்த விதம்தான் வேறு. நீர் புகுந்ததும் நடு வேகாததும் பெரியதற்கு மட்டும் உரியவை. கொழுப்புக் கசிவு இரண்டுக்கும் பொதுவானது. ஆகவே சிறியது நன்றாக நிற்கும், ஆனால் சற்றே எண்ணெய்ப் பசையோடும் இறுக்கமாகவும் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

மூன்றாம் பதில்

மேலே உள்ள விளக்கத்துக்கு மேல் காரணம் தேடத் தேவையில்லை. செய்யவேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

பெரியதில் மிஞ்சிய வெளிறிய நடுப்பகுதியைத் தயவுசெய்து எறிந்துவிடுங்கள். முட்டை சேர்ந்த, சரியாக வேகாத, ஈரமான பகுதி ஒரு மாதம் குளிர்பெட்டிக்கு வெளியே இருந்திருக்கிறது. சர்க்கரையும் பிராந்தியும் காப்பாற்றியிருக்கும் என்று நம்பி, அதுவும் குழந்தை இருக்கும் வீட்டில், மீண்டும் வேகவைத்துப் பரிமாறக் கூடாது. நீர் ஊறிய வளையத்துக்கும் இதுவே பொருந்தும். வெளிப்புறத்தின் கரும்பகுதியும் அவற்றோடு ஒட்டியே இருந்ததால், என் வீடாக இருந்தால் அதையும் வைத்திருக்க மாட்டேன். சரியாக வெந்த புட்டிங் மிஞ்சினால்தான் துண்டுகளாக்கி வெண்ணெயில் இருபுறமும் வறுத்துச் சாப்பிடும் வழக்கம் இங்கே நன்றாக இருக்கும்.

சிறியதை இன்றே பிரித்துப் பாருங்கள். புட்டிங்கின் மேல் பூஞ்சைப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் முழுவதும் குப்பைக்குத்தான். சுரண்டிவிட்டு உண்பது சரியன்று. சுத்தமாக இருந்து, பழமும் பிராந்தியும் கலந்த மணம் வந்தால், தாளை மாற்றி, இந்த முறை மடிப்போடு கட்டி, புத்தாண்டு அன்று 2 மணி நேரத்துக்குப் பதிலாக 3 மணி நேரம் வேகவையுங்கள். கிறிஸ்துமஸ் புட்டிங் ஒரு மணி நேரம் கூடுதலாக வெந்து கெட்டதை நான் பார்த்ததில்லை. பாத்திரத்தின் அடியில் ஒரு சிறு தட்டைக் கவிழ்த்துவைத்து அதன் மேல் கிண்ணத்தை நிறுத்துங்கள். அடி நேரடியாகச் சூட்டில் படாது. நீர் சிறு குமிழிகளோடு விடாமல் கொதிக்கவேண்டும், மூடி மெல்ல அதிர்ந்தால் அதிரட்டும். அரை மணிக்கு ஒரு முறை நேரங்காட்டியை வைத்துக்கொண்டு கெட்டிலில் கொதித்த நீரையே ஊற்றுங்கள்.

அடுப்பில் எட்டு மணி நேரம் காவலிருக்க முடியாதவர்கள் பிரஷர் குக்கரைப் பயன்படுத்தலாம். ஆனால் தொடக்கத்தில் அரை மணி நேரம் அழுத்தம் இல்லாமல் வெறும் ஆவியில் வேகவிட்டுவிட்டுத்தான் வெயிட் போடவேண்டும். எடுத்தவுடன் அழுத்தம் கொடுத்தால் மாவு உப்புவதற்குள் இறுகிக் கட்டியாகிவிடும். அழுத்தத்தில் வெப்பம் 120 டிகிரியை நெருங்குவதால் நிறமும் விரைவாக வரும். அதற்குப் பிறகான நேரத்தைக் குக்கரோடு வந்த கையேட்டில், கிண்ணத்தின் அளவைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

புத்தாண்டு வாழ்த்துகளோடு, நடந்ததைத் தெரிவிக்கிறேன். பெரியதில் மிஞ்சியது அனைத்தையும் அன்றே எறிந்துவிட்டேன். சிறியதைப் பிரித்தபோது பூஞ்சை எதுவும் இல்லை. மணமும் நன்றாக இருந்தது. சொன்னபடி புதிய தாளை மடிப்போடு கட்டி, ஓரங்களை வெட்டி, கொதிநீர் ஊற்றியே 3 மணி நேரம் வேகவைத்து, பத்து நிமிடம் ஆறவிட்டுக் கவிழ்த்தேன். எங்கும் சரியாமல் நின்றது. வெட்டிய முகம் ஓரத்திலிருந்து நடு வரை ஒரே கருமை. இரண்டாம் பதிலில் எழுதியிருந்தது போலவே உதட்டில் லேசான எண்ணெய்ப் பசையும், சற்று இறுக்கமும் தெரிந்தன; மகள் அதைப் பொருட்படுத்தாமல் இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

குறிப்புத் தாளில் 5 மணி நேரம் என்பதற்குப் பக்கத்தில், 600 மில்லிலிட்டர் கிண்ணத்துக்கு மட்டும், பெரியதற்கு 8 என்று எழுதிவிட்டேன். சூயெட் என்ற வரியின் கீழும் ஒரு கோடு போட்டு, கலவை நன்றாக ஆறிய பின் என்று சேர்த்திருக்கிறேன்.